ஒன்பது கான் கடல்

"நாலு எட்டு வைச்சாக் கடல் வரும். பிறகேன் பிள்ளை வீட்டுக்குள்ள ஒரு கடல்?"

அப்பா இதை முதலில் கேட்டது 2023 இல். அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை. வடிவாயிருக்கும் என்று மட்டும் சொன்னேன். "கடலும் வடிவாத்தானே கிடக்கு" என்றுவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் வீடு ஊர்காவற்றுறைப் பக்கம். அப்பா சிறகுவலை போடுகிறவர். அவர் மீன் பிடித்து விற்ற காசில் படிக்கிற நான், மீன் வளர்ப்பதற்குக் காசு செலவழிக்கிறேன் என்பது எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக ஓடுகிற பகிடி. கம்பஸில் என் போனில் தொட்டியின் படத்தைப் பார்க்கிறவர்கள் கேட்பது வேறு கேள்வி. "எவ்வளவு முடிஞ்சது?" அதற்குப் பதில் 26,000 ரூபா. ஆனால் அந்தத் தொகைக்குள் அடங்காத செலவு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் கணக்கை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

எங்களுடைய 2022 ஆம் ஆண்டு ஏ/எல் சோதனை 2023 தை, மாசியில்தான் நடந்தது. பெறுபேறு வர புரட்டாதியாகிவிட்டது. இடையில் ஏழு மாதம். வேலையும் இல்லை, படிப்பும் இல்லை. பிரான்சுக்குப் போன மச்சான் ஒருவர் விட்டுப்போன இரண்டடிக் கண்ணாடித் தொட்டி கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரம். பெருக்கிப் பார்த்தால் 54 லீற்றர். யூரியூப்பில் ஆட்கள் கடல் தொட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். அவர்கள் பை பையாக உப்பு வாங்கி, தண்ணீரில் கரைத்துக் கடலை உண்டாக்குகிறார்கள். எனக்கு அந்தச் செலவே இல்லை, கடல் சும்மா கிடக்கிறது என்று நினைத்தேன். உலகத்திலேயே மலிவாகக் கடல் தொட்டி வைக்கக்கூடிய ஆள் நான்தான் என்று ஒரு திமிர்.

முதல் பிழை களப்புத் தண்ணீர். வீட்டுக்குக் கிட்ட இருக்கிறதென்று அதை அள்ளினேன். களப்பு ஆழம் குறைந்தது. மாரி மழைக்கு அதன் உப்பு இறங்கிவிடும், கோடை வெயிலுக்குக் கடலைவிட ஏறிவிடும். திறந்த கடலின் தண்ணீரில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். களப்பில் அது எந்த மாதம் எவ்வளவு என்பது வானத்தைப் பொறுத்தது.

இரண்டாவது பிழை இன்னும் மோசம். தொட்டித் தண்ணீர் நாளுக்கு நாள் ஆவியாகிக் குறையும். குறைந்த அளவுக்கு நான் கடல் தண்ணீரையே ஊற்றினேன். உப்பு ஆவியாவதில்லை. தண்ணீர் மட்டும்தான் போகிறது, உப்பு அப்படியே நிற்கிறது. அதற்கு மேல் இன்னும் உப்பை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆனையிறவில் உப்பு விளைவிப்பது இப்படித்தான். சின்ன வயதிலிருந்து பஸ்ஸில் போகும்போது அந்தப் பாத்திகளைப் பார்த்தவள், என் அறைக்குள் அதையே செய்கிறேன் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பாவின் வலையில் சிக்கின மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட இரண்டு சின்ன மீனும், சங்குக்குள் குடியிருக்கும் நண்டு மூன்றும் தொட்டியில் இருந்தன. அவை எப்படியோ தாக்குப்பிடித்தன. எனக்கு அது போதவில்லை. படங்களில் பார்க்கிற தொட்டிகளில் பவளம் இருந்தது.

அம்மாவின் ஊர் நெடுந்தீவு. அங்கே போனவர்களுக்குத் தெரியும், வேலிகளே பவளக்கல். சாந்து இல்லாமல் கல்லுக்கு மேல் கல்லு அடுக்கி இடுப்பளவுக்கு மதில் கட்டியிருப்பார்கள். அங்கே இடிந்து கிடக்கிற பழைய கோட்டையும் அதே கல்லுத்தான். சின்ன வயதில் அந்த வேலியில் ஏறி இருந்துதான் நாங்கள் மாங்காய் தின்றது. பவளம் உயிருள்ளது என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். எங்களுக்கு அது கல்லு.

2023 ஆவணியில் அம்மம்மாவைப் பார்க்கப் போனபோது, வற்று நேரத்தில் முழங்காலளவு தண்ணீரில் நடந்துபோய் ஒரு துண்டைக் கழற்றினேன். மண்ணிறம். என் இரண்டு கையும் சேர்த்துப் பிடிக்கிற அளவு உருண்டை. மேலெல்லாம் ஊசி குத்தினது போலக் குழிகள். அடியில் ஆப்பு மாதிரி இறுகியிருந்தது. இரும்புக் கம்பியால் நெம்பினேன். கழன்றபோது வந்த சத்தம் இப்போதும் நினைவில் இருக்கிறது. வாளியில் தண்ணீர் விட்டு அதைப் போட்டு, மேலே துணி கட்டி, குறிகட்டுவானுக்கு வள்ளத்தில் ஒரு மணித்தியாலம், பிறகு பஸ். பக்கத்தில் இருந்த அம்மா "என்ன வாளி?" என்று கேட்டார். "கல்லு" என்றேன்.

பன்னிரண்டு நாள் இருந்தது. முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு பக்கத்தில் சளி மாதிரிப் படிந்தது. அந்த இடம் உரிந்து வெள்ளை தெரிந்தது. வெள்ளை ஒவ்வொரு நாளும் விரல் அகலம் பரவியது. பத்தாம் நாள் அறை முழுக்க நாற்றம். பன்னிரண்டாம் நாள் முழு வெள்ளை. கோடு போட்ட மீனில் ஒன்றும் அன்றைக்குச் செத்துக் கிடந்தது.

ஏன் செத்தது என்று அப்போதுதான் தேடத் தொடங்கினேன். அதற்கு முன் தேடியிருக்க வேண்டும். பின்னேரங்களில் என் தொட்டியின் வெப்பம் 32 பாகை வரை போயிருக்கிறது. விடிய 27. கடல் இப்படி ஒரு நாளுக்குள் ஏறி இறங்காது. பவளத்தின் தசைக்குள் நுண்ணிய பாசி வாழ்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தில் செய்கிற சாப்பாட்டில்தான் பவளத்தின் பெரும்பகுதிச் சீவியம். ஒரு இடத்துக் கடல், வழமையான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடிச் சில கிழமைகள் நின்றாலே பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளிறத் தொடங்கும். ஒரு பாகைக்கே அப்படி. நான் ஒவ்வொரு நாளும் ஐந்து பாகை ஏற்றி இறக்கினேன்.

உப்பையும் கணக்குப் பார்த்தேன். கல்லு, மணல் கழித்தால் தொட்டியில் உண்மையில் இருந்தது 45 லீற்றர் அளவு. அதில் ஐந்து லீற்றர் ஆவியாகிப் போனால் 35 என்பது 39 ஐத் தாண்டும். அதற்கு மேல் கடல் தண்ணீர் ஊற்றினவள் நான்.

பிறகு வாசித்த ஒரு விசயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. உருண்டையாக வளர்கிற இந்த வகைப் பவளம் வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். அடிமட்டம் வைத்து அளந்தேன். எட்டுச் சென்ரிமீற்றர் உயரம். நான் ஏழாம் எட்டாம் வகுப்பில் இருந்தபோது தொடங்கி, ஓ/எல் எழுதி, ஏ/எல் எழுதி முடிக்கும்வரை அது அங்கே வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. பன்னிரண்டு நாளில் முடித்துவிட்டேன். இலங்கையில் பவளம் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது, கடலில் இருந்து கழற்றுவது குற்றம் என்பதையும் அதற்குப் பிறகுதான் அறிந்தேன். நான் செய்தது அறியாமை மட்டும் இல்லை. கம்பியை எடுத்துக்கொண்டு போனவள் நான். ஆட்கள் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்ததும் நினைவிருக்கிறது.

அம்மா வெள்ளைக் கல்லைக் கழுவி வெயிலில் வைத்தார். "அழாதை. இழுவைமடிக்காரர் ஒரு ராத்திரியில அள்ளுறதுக்கு உன்ர ஒரு கல்லு என்ன கணக்கு?" என்றார். அது உண்மைதான். அடிமட்ட இழுவைமடி 2017 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தோடு இங்கே முற்றாகத் தடை செய்யப்பட்டது. ஆனாலும் இழுவைப் படகுகள் வருவதை அப்பா சொல்லாத கிழமை இல்லை. ஆனால் அம்மாவின் கணக்கு என்னை ஆற்றவில்லை. அவர்கள் அள்ளுவது பிழை என்று சொல்லுகிற வாயால் என் கல்லைச் சின்னது என்று சொல்ல முடியவில்லை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "உதுக்குள்ளதான் குஞ்சுகள் ஒளிக்கிறது" என்றார். அவ்வளவுதான்.

தொட்டியை உடைத்துப் போடுவோம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு மீனும் மூன்று நண்டும் மிச்சம் இருந்தன. அவற்றுக்காக வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததில் எல்லாரும் ஒரே விசயத்தைச் சொன்னார்கள்: சின்னத் தொட்டிதான் தொடக்கக்காரருக்குக் கஷ்டம், பெரிய தொட்டி இலகு. தண்ணீர் கூடக் கூட வெப்பமும் உப்பும் மெதுவாக மாறும். பிழை விட்டாலும் திருத்த நேரம் கிடைக்கும். ஆனால் அதே ஆட்கள் அதற்குப் பிறகு போடுகிற பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். பவளத்துக்கென்றே செய்த விளக்கு, நுரை பிரிக்கிற இயந்திரம், தண்ணீரைக் குளிராக்குகிற இயந்திரம். எல்லாம் டொலரில். என் மகாபொலக் காசு அந்தப் பட்டியலின் ஒரு வரிக்கும் காணாது.

கன நாள் யோசித்து ஒன்று விளங்கியது. அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் பவளம் என்கிற ஒரு உயிருக்காக. பவளத்தை எடுத்துவிட்டால் பட்டியல் சுருங்கிவிடுகிறது. ஆக, நான் கேட்க வேண்டிய கேள்வி "இந்தத் தொட்டியில் பவளம் வாழ என்ன வாங்க வேண்டும்?" என்பது இல்லை. "என்னிடம் இருக்கிற தண்ணீர், வெப்பம், கரண்ட், காசு இவற்றுக்குள் எது சுகமாக வாழும்?" என்பதுதான். தொட்டியைப் பெரிசாக்குவது என்று நான் முடிவெடுத்தது 2024 கடைசியில். உயிர்களைக் கூட்டுவதில்லை என்பதும் அதே முடிவு.

கணக்கு இதுதான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் விற்ற மூன்றடிப் பழைய தொட்டி, 90க்கு 45க்கு 45 சென்ரிமீற்றர், 7,500 ரூபா. வாங்கினவுடன் முற்றத்தில் வைத்து இரண்டு நாள் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன். ஒரு மூலையில் கசிந்தது. பழைய சிலிக்கனைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினோம். வினாகிரி மணம் வருகிற சாதாரண சிலிக்கன்தான் வேணும். பூஞ்சணம் பிடிக்காமல் மருந்து கலந்தது என்று எழுதியிருக்கிற குளியலறைச் சிலிக்கனை வாங்கிவிடாதீர்கள், அது மீனுக்கு நஞ்சு.

தண்ணீர் ஏற்றுகிற மோட்டர் 5,500. உப்பு அளக்கிற ரிஃப்ரக்ரோமீற்றர் 5,000. அமோனியாவும் நைத்திரேற்றும் பார்க்கிற சோதனை மருந்து 4,200. பைப், சிலிக்கன், சின்னச் சாமான் 1,800. ஹாட்வெயார் கடையில் வாங்கின வெள்ளை எல்.ஈ.டி விளக்கு 2,000. கூட்டினால் 26,000. காசு காணாமல் எதையாவது விடவேண்டி வந்தால் விளக்கை விடுங்கள், மோட்டரைச் சின்னதாக்குங்கள். அளக்கிற சாமான் இரண்டையும் விடாதீர்கள். முதல் தொட்டியில் என்னிடம் இல்லாதது அவைதான்.

மற்றதெல்லாம் காசில்லாமல் வந்தது. மூன்றடித் தொட்டி நிரம்பினால் கல்லோடு இருநூறு கிலோவுக்கு மேல் வரும். வீட்டுக்கூரை பிரித்தபோது கழித்த பனஞ்சிலாகையில் அப்பாவும் தம்பியும் தாங்கி அடித்தார்கள். பழைய இரண்டடித் தொட்டியை எறியவில்லை, அது இப்போது கீழே வடிகட்டித் தொட்டி. மேலிருந்து தண்ணீர் அதற்குள் இறங்கும், மோட்டர் திருப்பி ஏற்றும். அதற்குள் ஒரு பிடி பாசி வளர்கிறது. கரையில் ஒதுங்குகிற சாதாழைக்குள் பொறுக்கினது. மீன் கழிவில் இருந்து வருகிற நைத்திரேற்றைப் பாசி உறிஞ்சி வளரும். கிழமைக்கு ஒரு பிடி பிடுங்கி எறிந்தால் கழிவை வெளியே எறிந்த மாதிரி. நுரை இயந்திரத்தின் வேலையில் ஒரு பங்கை இது செய்கிறது.

கல்லுக்குக் கடலுக்குப் போகவில்லை. பக்கத்துக் காணியில் கிணறு ஆழமாக்கினபோது வெளியே போட்ட சுண்ணாம்புக்கல் குவிந்து கிடந்தது. ஓட்டை ஓட்டையான கல்லு. யாழ்ப்பாணக் குடாநாடு நிற்பதே மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லின் மேல்தான். மண்ணுக்குக் கீழே எங்களிடம் ஒரு பழைய கடல் இருக்க, நான் புதிய கடலில் கம்பி போட்டிருக்கிறேன்.

தண்ணீர் அள்ளின நாள் தம்பிக்கு மறக்காது. இருபது லீற்றர் கான் ஒன்பது. மழை பெய்த பிறகு அள்ளக்கூடாது, பெருக்கு நேரத்தில் திறந்த கடல் பக்கம் அள்ள வேண்டும் என்று படித்திருந்தேன். சைக்கிளில் ஒரு தடவைக்கு இரண்டு கான். கடைசிக் கானோடு "அக்கா, இனி எனக்குக் கடலே வேண்டாம்" என்று திண்ணையில் படுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஐந்து கிழமை ஒன்றும் போடவில்லை. ஓ/எல் விஞ்ஞானத்தில் நைதரசன் வட்டம் படித்து, எழுதி, மறந்த கலைப்பீடத்து ஆள் நான். அது என் அறையில் நடந்தபோதுதான் விளங்கியது. ஒரு இறால் தலையைப் போட்டுவிட்டேன். அழுகி அமோனியா ஏறியது. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும், மூன்றாவது அவ்வளவு பாதகம் இல்லை. அமோனியா பூச்சியத்துக்கு இறங்கும்வரை பொறுக்க வேண்டும். காசு குடுத்து வாங்கக்கூடிய எந்தச் சாமானும் இந்தப் பொறுமைக்கு ஈடில்லை. பவளத்தை நான் போட்டபோது பழைய தொட்டி இந்த வட்டத்தை முடித்திருந்ததா என்று அளக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

பெரிய சண்டை வந்தது நல்ல தண்ணீரால்.

ஆவியாகிற அளவுக்கு உப்பில்லாத தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கள் கிணறு உவர். குடிதண்ணீர் பவுசரில் வருகிறது, இல்லாவிட்டால் கானுக்குக் காசு. வெப்பத்தைக் குறைக்கப் பழைய கொம்பியூட்டர் விசிறி ஒன்றைத் தொட்டிக்கு மேல் பூட்டினேன். இரண்டு மூன்று பாகை இறங்கியது. ஆனால் விசிறி குளிராக்குவது தண்ணீரை ஆவியாக்கித்தான். நாளுக்கு மூன்று லீற்றர் போனது. நான் குடிதண்ணீர்க் கானைச் சரித்து ஊற்றுவதை அம்மா கண்டுவிட்டார். "நாங்கள் குடிக்கக் காசு குடுத்து வாங்குறம். நீ அதை மீனுக்கு விசிறி போட்டுக் காயவைக்கிறாய்." திருப்பிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அம்மா சொன்னது சரி.

அன்றைக்கே விசிறியைக் கழற்றினேன். தொட்டியைச் சுவரோரம் வெயில் படாத பக்கம் திருப்பி, கண்ணாடி மூடி போட்டேன். இழப்பு நாளுக்கு ஒரு லீற்றராகக் குறைந்தது. இருநூறு லீற்றர் பரல் இரண்டு கூரைப் பீலிக்குக் கீழே வைத்தோம். முதல் மழையை விட்டுவிட வேண்டும், அது கூரைத் தூசியைக் கழுவி வரும். அதற்குப் பிறகு வருகிற மழைத் தண்ணீரில் உப்பும் இல்லை, உரத்தின் நைத்திரேற்றும் இல்லை. வெளிநாட்டுக்காரர் இயந்திரம் வைத்து வடிக்கிற தண்ணீர், எங்களுக்கு மாரியில் வானத்தால் வருகிறது. நுளம்பு முட்டை போடாமல் வாயைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். நானூறு லீற்றர், நாளுக்கு ஒன்று என்றால் வருடம் போகும்.

விசிறி இல்லாததால் கோடைப் பின்னேரங்களில் தொட்டி 30 பாகையில் நிற்கிறது. அதைத் தாங்குகிற உயிர்கள்தான் வைக்கலாம். வற்று நேரக் குழிகளில் வெயில் காய்கிற சின்ன மீன்களும், சங்கு நண்டும், நத்தையும் தாங்கும். வீட்டில் குடிதண்ணீர் எவ்வளவு என்பதுதான் என் தொட்டியில் என்ன வாழலாம் என்று தீர்மானித்தது.

2025 மாசி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் குரங்கு ஒன்று பாய்ந்ததாம். அந்தக் குரங்கு எங்கள் வீட்டு அரிசி மூட்டையையும் நனைத்தது.

மோட்டர் நின்றவுடன், அது தண்ணீர் ஏற்றின பைப்பே தண்ணீரை இறக்கத் தொடங்கியது. பைப்பின் வாய் மேல் தொட்டியில் 12 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தது. அந்த ஆழம் வரைக்கும் உள்ள தண்ணீர் முழுக்கக் கீழே வந்தது. ஏறத்தாழ 48 லீற்றர். கீழே இடமிருந்தது 27க்கு. மிச்சம் 21 லீற்றர், ஒரு கானுக்கும் கொஞ்சம் கூட, வீட்டு நிலத்தில். நான் கண்டபோது அம்மாவின் புழுங்கலரிசி மூட்டையின் அடி உப்புத் தண்ணீரில் நிற்கிறது.

அம்மா கத்தப் போகிறார் என்று நின்றேன். அப்பா வந்து பைப்பைப் பார்த்தார். வள்ளத்து மோட்டருக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர். "பரல்ல இருந்து மண்ணெண்ணெய் உறிஞ்சி விடுறமாதிரித்தானே. குழாய்க்குள்ள காத்துப் போனா நிண்டிடும்" என்றார். ஒரு ஆணியை அடுப்பில் காய்ச்சி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் ஒரு ஓட்டை போட்டார். இப்போது கரண்ட் போனால் மட்டம் அந்த ஓட்டைக்கு இறங்கினவுடன் காற்று புகுந்து எல்லாம் நின்றுவிடும். யூரியூப்பில் நான் மணிக்கணக்காகப் பார்த்தும் கவனிக்காத விசயம். கடல் தொட்டி வைக்கிறவர்கள் இந்த ஓட்டையில் பாசி அடைக்காமல் கிழமைக்கு ஒருக்கா ஈர்க்கால் குத்திவிடுங்கள்.

கரண்ட் வரும்வரை ஜொக்கால் அள்ளி அள்ளித் திருப்பி ஊற்றிக்கொண்டிருந்தோம், காற்றுக் கலக்க. அப்பாவும் முறை மாறி ஊற்றினார். தண்ணீர் கன லீற்றர், மீன் கொஞ்சம் என்பதால் ஒன்றும் சாகவில்லை. அரிசியில் அரைவாசி கோழிக்குப் போனது. அதையும் 26,000 ரூபாவோடு சேர்க்க வேணும்.

இப்போது தொட்டியைப் பார்க்கிறவர்கள் "நிமோ இல்லையோ?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் படத்தில் வருகிற வகை எங்கள் கடலில் இல்லை, இங்கே இருப்பவை அதன் சொந்தக்காரர்கள். எதிர்க்கரையில் மண்டபத்தில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பிராந்திய நிலையத்தில் இந்த மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். அப்படிப் பொரித்த குஞ்சு இங்கே நியாயமான விலைக்கு ஒரு நாள் வந்தால் வாங்குவேன். ஊரில் பண்ணை இருக்கிறதே, ஒரு கடலட்டை போடு, மணலைச் சுத்தமாக்கும் என்றும் ஒருவர் சொன்னார். செத்தால் தொட்டி முழுக்க நஞ்சாக்கிவிடக்கூடிய கடலட்டைகள் உண்டு என்று வாசித்தேன். வேண்டாம் என்றுவிட்டேன். வேண்டாம் என்று சொல்லக் கற்றதுதான் இந்த இரண்டு வருடத்தில் என் பெரிய முன்னேற்றம்.

2024 சித்திரையில், உலகம் முழுக்க நான்காவது தடவையாகப் பவளங்கள் வெளிறுகின்றன என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அதற்கு முன் 2021 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பவளப்பாறைகள் பற்றி வந்த ஒரு ஆய்வு, இலங்கையில் முன்னர் பதிவாகாத 36 பவள இனங்களை மரபணுச் சோதனையோடு உறுதிப்படுத்தியிருந்தது. இந்த இரண்டையும் ஒரே கிழமையில் வாசித்தேன். எங்களுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறதென்று இப்போதுதான் எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். எண்ணி முடிய முன்னமே கடல் சூடாகிறது. நான் கழற்றின உருண்டையின் பெயர் என்னவென்று எனக்குச் சொல்ல ஆளில்லை.

அந்த வெள்ளைக் கல்லு தொட்டியின் நடுவில் இருக்கிறது. அம்மா நெடுந்தீவு வேலியில் வைப்போம் என்றார். நான் குடுக்கவில்லை. நான்கு மாதத்துக்குப் பிறகு அதன் ஒரு பக்கத்தில் நகமளவு இளஞ்சிவப்புப் படை வந்தது. கல்லோடு கல்லாகப் படர்கிற ஒருவகைப் பாசி. நான் போடவில்லை, ஒன்பது கானில் ஏதோ ஒன்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வந்திருக்கிறது. கண்ணாடியில் மிளகில் பாதி அளவு வெள்ளைச் சுருள்களும் வந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புழு, விசிறி மாதிரி வாயை விரித்து மூடுகிறது. பவளம் திரும்பி வராது. அதன் மேல் வேறு ஏதோ வாழ்கிறது.

போன கிழமை இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழும்பினேன். அப்பா விளக்கைப் போடாமல், ரோச் வெளிச்சத்தில் தொட்டிக்கு முன்னால் குந்தியிருக்கிறார். கல்லின் குழிக்குள் சின்ன மீன் ஒன்று படுத்திருந்தது.

"படுக்குது பார்" என்றார். "நாப்பது வருசமாக் கடலுக்குப் போறன். மீன் நித்திரை கொள்ளுறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

ஏன் வீட்டுக்குள் கடல் என்று அவர் பிறகு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும், ஒரு கான் போதும். தம்பி வரமாட்டான் என்றுவிட்டான். இப்போது அந்தக் கானை அப்பாதான், வலை பார்த்துவிட்டு வரும்போது, வள்ளத்தில் நிரப்பிக்கொண்டு வருகிறார்.